சோக்கு, ஸ்டார்ட்டர், டிரைவர்

ஒரு வருஷத்துக்கு 8760 மணி நேரம். பள்ளிக்கூடத்தில் இது வெறும் பெருக்கல் கணக்கு. இரவு ஷிஃப்டும் ஓடி, விளக்கு அணையாமலே எரியும் கட்டிடத்தில் அந்த விளக்கின் ஆயுசை முடிவு செய்யும் எண் இது. வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டுப் பத்து மணிக்கு அணைக்கிற டியூப்லைட் ஏழெட்டு வருஷம் வரும். அதே டியூப், அமெரிக்க நேரத்துக்கு வேலை நடக்கிற அலுவலகத்தின் கூரையில் ஒன்றரை வருஷம் தாங்கினால் பெரிசு. டியூப் சீக்கிரம் போகிறதே என்று மேனேஜர் கம்பெனியைத் திட்டுவார். கணக்குப் போட்டுப் பார்த்தால் கம்பெனி மேல் தப்பு இருக்காது.

சரவணம்பட்டியில் அப்படியொரு கட்டிடத்தின் விளக்குகளைக் கவனித்துக்கொண்ட எலெக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். அன்னூர்ப் பக்கம் பிறந்து, ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்து, கோவை நூற்பாலை ஒன்றில் கைபழகி, 2000-களின் நடுவில் இங்கே வந்து சேர்ந்தார். கட்டிடத்தின் பெயரும் அவர் பெயரும் இங்கே வேண்டாம். ஷிஃப்ட் பிள்ளைகளுக்கு அவர் ‘லைட்டண்ணன்’, அது போதும். அப்போது சரவணம்பட்டி தனிப் பேரூராட்சி. கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-ல்தான். சத்தி ரோட்டின் இரு பக்கமும் காலியிடம் நிறையக் கிடந்தது. கே.ஜி.ஐ.எஸ்.எல். வளாகமும், கீரணத்தம் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலமும் எழும்ப எழும்பக் கண்ணாடி முகப்புக் கட்டிடங்கள் பெருகின. மோட்டார், பம்ப்செட், மில் என்று பழகிய கோவை எலெக்ட்ரீஷியன்கள் ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையை விடக் கற்றுக்கொண்ட காலம் அது.

மில் வேலை அவருக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லிக் கொடுத்திருந்தது.

முதலாவது, தூசி. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையில் மில்கள் எப்படிப் பெருகின என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். அந்த மில்களுக்குள் பஞ்சுத்தூசி டியூபின் மேல் எவ்வளவு சீக்கிரம் படியும் என்பது ஏணி ஏறியவர்களுக்குத்தான் தெரியும். டியூப் நன்றாகவே எரியும், வெளிச்சம் மட்டும் கீழே வராது. ரிங் ஃபிரேமில் அறுந்த இழை கண்ணுக்குத் தெரியாமல் போகும். புது டியூப் வாங்கச் சீட்டு எழுதுவதற்கு முன் பழைய டியூபைத் துடைத்துப் பார்ப்பது அவருக்கு அங்கே வந்த பழக்கம். சரவணம்பட்டிக்கு வந்த பிறகும் அது போகவில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று, சத்தி ரோட்டுப் புழுதியையெல்லாம் வாரிக்கொண்டு வந்து போர்ட்டிகோ விளக்குகளில் கொட்டும். ஒரு துணியும் ஒரு வாளித் தண்ணீரும் புது விளக்குச் செலவில் பாதியை மிச்சம் பிடிக்கும் என்று அவர் சொன்னபோது மேலிடத்தில் சிரித்தார்கள். துடைத்த பிறகு சிரிக்கவில்லை.

இரண்டாவது, கண்ணுக்குப் படாத துடிப்பு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. பழைய சோக்குப் போட்ட டியூப் நொடிக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் அந்தத் துடிப்புக்கு இசைந்த வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றினால், ஓடுகிற சக்கரம் நின்றுவிட்டது போலத் தோன்றும். நின்றதென்று நம்பிக் கையை வைத்தால் விரல் போகும். அதனால் விவரமான மில்களில் அடுத்தடுத்த வரிசை டியூப்களை வேறு வேறு பேஸில் கோத்திருப்பார்கள். ஒன்று மங்கும் நேரத்தில் பக்கத்தது பிரகாசிக்கும். அலுவலகத்தில் சுற்றும் சக்கரம் கிடையாது. ஆனால் சாயங்காலமானால் தலைவலிக்கிறது என்று ஒரு பகுதியிலிருந்து மட்டும் புகார் வந்தபோது, அந்தப் பகுதியின் டியூப்களெல்லாம் ஒரே பேஸில், பழைய சோக்கில் ஓடுவதை அவர் பார்த்தார். எலெக்ட்ரானிக் சோக்கு போட்டார். அது நொடிக்குப் பல்லாயிரம் தடவை துடிக்கும். மங்கல் என்று ஒன்று இராது. தலைவலிப் புகாரும் நின்றது. அதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம், ஆனாலும் பெருமை சோக்குக்குத்தான் போனது.

டியூப்லைட் இருக்கும் வரை இந்த வேலை கண்ணாலும் காதாலும் செய்யக்கூடியதாக இருந்தது. இரண்டு முனையும் கறுத்திருந்தால் டியூபின் காலம் முடிந்தது. முனைகள் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் கனிந்து நடுவில் எரியாவிட்டால் ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டது. ‘ம்ம்ம்’ என்று ஊமை ராகம் கேட்டால் சோக்கின் தகடு தளர்ந்தது. பட்டியைத் தட்டினால் எரிந்து, விட்டால் அணைந்தால் ஹோல்டரில் பிடிப்பில்லை. கோவையில் பாதி வீடுகளில் துடைப்பக் கட்டையால் இந்த வைத்தியம் நடந்திருக்கிறது. புதிதாகச் சேரும் பையன்களை அசத்த அவர் ஒரு வித்தை வைத்திருந்தார். எரிந்துகொண்டிருக்கும் டியூபின் ஸ்டார்ட்டரைத் திருகி எடுத்துக் கையில் கொடுப்பார். டியூப் அணையாது. முதல் தீப்பொறியைக் கிளப்புவதோடு ஸ்டார்ட்டரின் வேலை முடிகிறது. அதற்குப் பிறகு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதெல்லாம் சோக்கு.

“அப்புறம் எதுக்குங்ணா அதை அங்கயே வெச்சிருக்கோம்?” என்று ஒரு பையன் கேட்டான்.

“நாளைக்கு மறுபடியும் பத்த வைக்கணுமில்ல கண்ணு.”

40 வாட் டியூப் என்று சொல்வோமே தவிர, செம்புக்கம்பிச் சோக்கு தன் பங்குக்குப் பத்துப் பதினைந்து வாட்டைச் சூடாக்கியே தின்றுவிடும். ஆயிரம் டியூப் இருக்கிற கட்டிடத்தில் சோக்குகளின் சூட்டுக்கு மட்டும் பத்துப் பதினைந்து கிலோவாட். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏ.சி. இன்னும் கொஞ்சம் ஓட வேண்டும். பில் இரண்டு முறை ஏறும்.

பிறகு வந்தது மின்வெட்டுக் காலம். 2008-ல் தொடங்கி வருஷத்துக்கு வருஷம் கூடி, 2012-ல் கோவை மாவட்டம் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் இருட்டில் கிடந்தது. ஃபவுண்டரிகளும் பம்ப் பட்டறைகளும் பட்ட பாட்டைப் பத்திரிகைகள் எழுதின. சரவணம்பட்டிக் கண்ணாடிக் கட்டிடங்களுக்கு ஜெனரேட்டர் இருந்தது, ஆகவே அவர்களுக்கு என்ன குறை என்று வெளியே பேச்சு. உள்ளே அவர் பட்ட பாடு வேறு. ஈ.பி. போய் ஜெனரேட்டர் எடுக்கச் சில நொடிகள்தான் ஆகும். கணினிகளை யு.பி.எஸ். தாங்கும். அலுவலக டியூப்கள் கண் சிமிட்டித் திரும்பி எரியும். ஆனால் வரவேற்புக் கூடத்தின் உயரமான கூரையில் மெட்டல் ஹேலைடு விளக்குகள் மாட்டியிருந்தார்கள். சூடாக இருக்கும்போது ஒரு கணம் மின்சாரம் அறுந்தாலும் அந்த விளக்கு அணைந்துவிடும். உள்ளிருக்கும் வாயு ஆறி அழுத்தம் குறைந்தால்தான் மறுபடி பற்றும். அதற்கு ஐந்திலிருந்து பதினைந்து நிமிஷம் ஆகும். ஜெனரேட்டர் முழங்கிக்கொண்டிருக்க, மேல் மாடிகளெல்லாம் ஜொலிக்க, வாசற்கூடம் மட்டும் இருண்டு கிடக்கும்.

“ஜெனரேட்டர் ஓடுதே, இங்க மட்டும் ஏன் எரியலை?” என்று கேட்காத விருந்தினர் இல்லை. “லைட்டு ஆறோணுங் சார்” என்று பதில் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்தது. விளக்கு ஆற வேண்டும் என்பதை யாரும் நம்பவில்லை. கடைசியில் கூடத்தின் நாலு மூலையிலும் சாதாரண சி.எஃப்.எல். நாலு மாட்டி, அவற்றை யு.பி.எஸ். லைனில் கொடுத்தார். அழகு கெட்டது என்று ஆர்க்கிடெக்ட் முகம் சுளித்தார். செக்யூரிட்டி நன்றி சொன்னார்.

எல்.இ.டி. வந்த வேகத்தைச் சொல்ல வேண்டும். நீல ஒளி தரும் டயோடைச் சாத்தியமாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அடுத்த ஜனவரி 5 அன்று மத்திய அரசு மலிவு விலையில் எல்.இ.டி. பல்பு தரும் உஜாலா திட்டத்தைத் தொடங்கியது. 2014-ல் 300 ரூபாய்க்கு மேல் கொள்முதலான எல்.இ.டி. பல்பு, 2016-ல் 40 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. விலை இப்படிச் சரிந்தபோது கட்டிடக்காரர்கள் காத்திருக்கவில்லை. 2017-ல் சத்தி ரோட்டில் புரோசோன் மால் திறந்த சமயத்தில், புதுக் கட்டிடத்துக்கு டியூப்லைட் பட்டி வாங்குகிற ஆளைக் கடைக்காரர்கள் விசித்திரமாகப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

அவருடைய கட்டிடத்திலும் பட்டிகளெல்லாம் இறங்கின. இரண்டடிக்கு இரண்டடி பேனல்கள் ஏறின. பெட்டியில் 25,000 மணி நேரம், 50,000 மணி நேரம் என்று அச்சடித்திருந்தது. “இனி உங்களுக்கு வேலையே இல்லைங்ணா” என்று கேலி பேசினார்கள். இரண்டு வருஷத்துக்குள் பேனல்கள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டத் தொடங்கின.

ஒரு பேனலைப் பிரித்து மேசையில் பரப்பியபோது விஷயம் புரிந்தது. எல்.இ.டி. சில்லுகள் அத்தனையும் உயிரோடு இருந்தன. செத்தது டிரைவர் என்கிற குட்டிப் பெட்டி. அதற்குள் இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் சூட்டில் உள்ளே காய்ந்து, தலை வீங்கி நின்றது. 50,000 மணி என்பது சில்லுக்குச் சொன்ன வாக்குறுதி. டிரைவருக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே காற்றோட்டமில்லாத சூட்டில், பேனலின் முதுகில் படுத்துக் கிடக்கும் டிரைவர் வேறென்ன செய்யும்? அவர் டிரைவர்களைப் பேனலை விட்டு ஓரடி தள்ளி வைத்தார். அதிலேயே சாவு குறைந்தது. டிரைவர் தனியாகக் கழற்ற வராத, மொத்தமாக ஒட்டி மூடிய பேனல்களை வாங்கவே கூடாது என்று பர்ச்சேஸ் ஆட்களோடு மல்லுக்கட்டினார். முப்பது ரூபாய் விலை வித்தியாசத்துக்கு அவர்கள் அவர் பேச்சைத் தள்ளியதும் உண்டு. அந்த வகையில் ஒரு லாட், டிரைவர் மாற்ற வழியில்லாமல் மொத்தமாகக் குப்பைக்குப் போனது.

பழைய பல்பு எல்லாம் எப்படி உழைத்தது தெரியுமா என்று அலுத்துக்கொள்பவர்கள் எல்லாக் கட்டிடத்திலும் உண்டு. அமெரிக்காவில் லிவர்மோர் நகரத் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரியும் பல்பைக் கைபேசியில் காட்டுவார்கள். அது நான்கு வாட் அளவுக்கு மங்கலாக, அநேகமாக அணைக்கப்படாமலே எரிகிறது. அந்த வெளிச்சத்தில் ஒரு சீட்டைக்கூடப் படிக்க முடியாது. மறுபக்கம், பல்பின் ஆயுளை வேண்டுமென்றே குறைத்த கதையும் நிஜம். 1924-ல் ஜெனீவாவில் பெரிய பல்புக் கம்பெனிகள் ஃபீபஸ் என்ற பெயரில் கூட்டணி சேர்ந்து, ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியாதபடி பல்புகளைக் கட்டுப்படுத்தின. அவர் இந்த விவாதங்களில் கலந்துகொள்ள மாட்டார். ஒவ்வொரு விளக்கையும் மாட்டும்போது அதன் விளிம்பில் மார்க்கர் பேனாவால் மாட்டிய தேதியை எழுதி வைப்பார். வாரண்டிக்குள் செத்தால், சண்டை போட அந்தத் தேதி போதும்.

எல்லாச் சாவும் விளக்கின் கோளாறு அல்ல என்பதை ஒரு சாயங்காலம் காட்டிக் கொடுத்தது. மூன்றாம் மாடியில் ஒரு வரிசைப் பேனல்கள் திடீரென்று கண் கூசுமளவுக்குப் பிரகாசித்து, படபடவென்று அணைந்தன. பக்கத்து வரிசை அதே நேரம் மங்கியது. எலெக்ட்ரிக்கல் அறைக்கு அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத் தீ விபத்து என்றே நினைத்துவிட்டார்கள். மூன்று பேஸுக்கும் பொதுவான நியூட்ரல் தளர்ந்தால் இப்படித்தான் ஆகும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒரு பேஸில் 300-க்கு மேலே ஏறும், இன்னொன்றில் இறங்கும். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பார்த்தால், நியூட்ரல் கம்பியின் முனையில் இருக்கும் லக்கு கருகி ஆடிக்கொண்டிருந்தது.

“பேனல் கம்பெனிக்குப் போன் போடட்டுமா?”

“வேண்டாமுங் சார். லைட்டு பிரச்சினையில்லீங், நியூட்ரலுங்.”

அந்த லக்கு ஏன் கருகியது என்பது இன்னும் சுவாரசியம். நம் ஊரில் பழைய கட்டிடங்களுக்கு மூன்றரை கோர் கேபிள் இழுத்திருப்பார்கள். மூன்று பேஸுக்கு முழுக் கம்பி, நியூட்ரலுக்குப் பாதிக் கம்பி. மூன்று பேஸிலும் சமமான பளு இருந்தால் நியூட்ரலில் ஓடும் மின்சாரம் சொற்பம், பாதிக் கம்பி போதும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. பம்ப்செட்டுக்கும் குண்டு பல்புக்கும் அது சரி. கணினிகளும் எலெக்ட்ரானிக் சோக்குகளும் எல்.இ.டி. டிரைவர்களும் மின்சாரத்தைச் சீராக இழுப்பதில்லை. துண்டு துண்டாகக் கடித்து இழுக்கின்றன. அதில் பிறக்கும் மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டங்கள் நியூட்ரலுக்குள் ஒன்றையொன்று தின்னாமல் கூடிக்கொள்ளும். பேஸைவிட நியூட்ரல் சூடாகும் விந்தை இப்படித்தான் நடக்கிறது. அதன் பிறகு மாதம் தவறாமல் கிளாம்ப் மீட்டரை முதலில் நியூட்ரலில் மாட்டிப் பார்ப்பது அவர் வழக்கமானது. இந்தப் பாடம் அவர் படித்த காலத்து ஐ.டி.ஐ. புத்தகத்தில் இல்லை.

அதே எல்.இ.டி.யால் ஒரு பேய்க் கதையும் கிடைத்தது. பேஸ்மென்ட் ஸ்டோர் ரூமில் சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மெலிசாக மினுங்குகிறது என்று இரவுக் காவலர் உள்ளே போக மறுத்தார். பேஸை வெட்ட வேண்டிய சுவிட்ச் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருந்தது. பேஸ் எப்போதும் பல்பில் நின்றது. கசியும் துளி மின்சாரம் குண்டு பல்பை அசைக்காது, எல்.இ.டி.க்கு அது போதும். கம்பியை மாற்றிப் போட்டதும் பேய் ஓடியது. உண்மையில் அது நல்ல பேய். அணைத்துவிட்டோம் என்று நம்பி யாராவது ஹோல்டரில் விரல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

விளக்கு எரிந்தாலும் புகார் தீராது. கணினி மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்பது பொது அளவு. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் தரும். பௌர்ணமி நிலவு ஒரு லக்ஸ்கூடத் தேறாது. அவர் லக்ஸ் மீட்டரை மேசை மேசையாக வைத்து அளந்து, சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார். அடுத்த நாள் அதே மேசையிலிருந்து ‘ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது’ என்று டிக்கெட் வரும். குறை அளவில் இல்லை, நிறத்தில். 6500 கெல்வின் வெள்ளைதான் நம் ஊர்க் கண்ணுக்குப் பளிச்சென்ற வெளிச்சம். மஞ்சள் கலந்தால் வோல்டேஜ் இல்லை என்பார்கள். ஆனால் விடிய விடிய அதன் கீழே உட்காரும் பிள்ளைகளுக்கு அது குத்தும். இரவு ஷிஃப்ட் பகுதிக்கு மட்டும் 4000 கெல்வின் மாற்றியது அவர் யோசனை.

எந்தப் புகாரும் வராத விளக்குகளும் உண்டு. படிக்கட்டில் பச்சையாக எரியும் ‘வெளியே’ பலகையும் அவசர விளக்கும். அவற்றின் பேட்டரி செத்து வருஷமானாலும் யாருக்கும் தெரியாது. மின்சாரம் இருக்கும் வரை அவை நன்றாகவே எரியும். தீயும் புகையும் வருகிற நாளில்தான் தெரியும். மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, அந்த லைனை மட்டும் இறக்கிவிட்டு ஒவ்வொரு மாடியாக நடந்து பார்ப்பார். ஒரு பராமரிப்பு ஆள் நல்லவரா என்று தெரிய வேண்டுமானால் வரவேற்புக் கூடத்தைப் பார்க்கக்கூடாது, இந்தப் படிக்கட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதல் மழை பெய்த இரவில் ஈசல் மொய்த்து வெளி விளக்குகளின் மூடிக்குள் குவியும், ஈசலைத் தேடிப் பல்லி வரும், பல்லி மின்பகிர்வுப் பெட்டிக்குள் இரண்டு கம்பிக்கு நடுவில் போய் நிற்கும், ஒரு மாடியே இருளும். வருஷா வருஷம் நடப்பதுதான். கேபிள் நுழையும் ஓட்டைகளை அடைத்தால் தீர்ந்தது.

தீராத விஷயம் ஒன்று உண்டு. இறக்கிய டியூப்கள் எங்கே போயின? அவருடைய கட்டிடத்தில் நூற்றுக்கணக்கில் இறங்கியவை படிக்கட்டுக்கு அடியில் வெகுநாள் சாய்ந்து நின்றன. பழைய இரும்புக்காரர் அலுமினிய முனைகளுக்காக வாங்கிக்கொள்கிறேன் என்றார். கண்ணாடியை உடைத்தால்தான் முனை வரும். ஒவ்வொரு டியூபுக்குள்ளும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, உடைத்தால் ஆவியாகும், முகர்ந்தால் நரம்பைக் கெடுக்கும். பாதரசம் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு கொடைக்கானலில் பார்த்திருக்கிறது. அங்கே வெப்பமானி ஆலை 2001-ல் மூடப்பட்ட பிறகும் அந்த மண்ணைப் பற்றிய வழக்கும் போராட்டமும் பல வருஷம் ஓடின. அவர் இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பினார். இடத்தை அடைக்கிறதே என்று திட்டும் வாங்கினார். 2016-ன் மின்கழிவு விதிகள் பாதரச விளக்குகளையும் பட்டியலில் சேர்த்திருக்கின்றன என்று ஆடிட்டுக்கு வந்தவர் சொன்ன பிறகுதான், உரிமம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் அவை முழுசாகப் போய்ச் சேர்ந்தன.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தின் நாடுகள் 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடி, டியூப்லைட் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்த முடிவெடுத்தன. 2018-லேயே ஒப்பந்தத்தை ஏற்ற நாடு இந்தியா. ஆகவே வரும் வருஷங்களில் மில்களிலும் பள்ளிகளிலும் கடைகளிலும் மிச்சமிருக்கும் டியூப்கள் மொத்தமாகக் கீழே இறங்கப் போகின்றன. உங்கள் கட்டிடத்திலும் இருக்கும். குப்பை வண்டியில் நெட்டுக்குத்தலாகச் செருகி அனுப்பாதீர்கள். அதை உடைத்து முகரப் போகிறவர் தூய்மைப் பணியாளர். வந்த அட்டைப் பெட்டியிலேயே முழுசாக வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவரிடம் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கை தவறி ஒன்று உடைந்தால் ஜன்னலைத் திறந்து, ஏ.சி.யை நிறுத்தி, பத்து நிமிஷமாவது வெளியே நின்றுவிட்டு, அட்டையால் அள்ளுங்கள். துடைப்பம் போடாதீர்கள்.